சென்னியப்பன் வரும் வழி

செப்டம்பர் 8, திங்கள்

திட்டம் முடியும்வரை அன்றன்று நடந்ததை எழுதி அனுப்ப வேண்டுமாம். திருமலைசாமி சாரின் உத்தரவு. எங்கள் கணினிப் பிரிவின் தலைவர் அவர். அவரைக் கழித்தால் அந்தப் பிரிவில் மிச்சம் இருப்பது நானும் மூன்று பிரிண்டர்களும்தான். அவருக்கு அனுப்புவதில் 'பணி முடிந்தது' என்று எழுதுவேன். வாயில் வருவதை எல்லாம் அங்கே எழுத முடியாது, அதனால் அது இந்த டைரியில்.

விஷயம் இதுதான். பம்பு செய்யும் எங்கள் குழுமத்தின் வேறொரு ஆலையில் ஒருவர் வீட்டிலிருந்து வைரஸ் பிடித்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, மேஜைக்கு அடியில் சும்மா கிடந்த கேபிளில் செருகிவிட்டார். ஒரு வாரம் அங்கிருந்து ஒரு பம்புகூட வெளியே போகவில்லை. சென்னை தலைமை அலுவலகம் அரண்டுபோயிருக்கிறது. இதுவரை வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் விபிஎன், அதாவது ஆளைச் சரிபார்த்து விடும் பாதுகாப்பு வழி. இனிமேல் ஆபீஸுக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் அதன் வழியாகத்தான் சர்வருக்குப் போக வேண்டும். அக்டோபர் ஆறாம் தேதியோடு நேர்வழி அடைபடும்.

ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் மடக்கினார். "ஏனுங் மேடம், ஆபீஸுக்குள்ளயே உக்காந்துட்டு ஆபீஸுக்குள்ள வாரதுக்கு எதுக்குங்க விபிஎன்?"

"கேட்டைத் தாண்டி வந்தவங்க எல்லாம் நல்லவங்கன்னு உங்க ஸ்டோர்ஸைத் தொறந்தே போட்டுட்டு போவீங்களா?"

"அது வேறங்க."

என்ன வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெளியே அழகாக வேலை செய்யும் விபிஎன் உள்ளேயிருந்து அசையவே இல்லை. காலை முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு புரிந்தது. உள்ளே இருக்கும் கணினி விபிஎன் வாசலைத் தேடும்போது, வெளி உலகத்துக்கான முகவரியைத்தான் வாங்கிக்கொண்டு போகிறது. வீட்டுக்குள் இருப்பவன் தெருவுக்குப் போய் முன்கதவைத் தட்டப் பார்க்கிறான். வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் விடுமா? பெயர் ஒன்றாகவே இருக்கட்டும், உள்ளே இருந்து கேட்பவர்களுக்கு உள் முகவரியைச் சொல் என்று மாற்றி வைத்தேன். ஒரே தட்டில் திறந்தது. எழுந்து நின்று கை தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆசையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சிலிண்டர் புக் பண்ணிட்டயா?" என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

வாரண்டி பிரிவில் வெள்ளோட்டம். எரிந்துபோன மோட்டாருக்கு மாற்று கேட்டு டீலர்கள் அனுப்பும் மனுக்களைப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பிரிவு அது. மொத்தம் ஐந்து பேர். நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். விபிஎன் ஜன்னலில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் திரையில் ஓர் இரண்டு இலக்க எண் வரும். அதே எண்ணைத் தன் செல்போனில் தட்டினால் கதவு திறக்கும்.

ஐந்தாவது ஆள் சென்னியப்பன். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை ஒரு காதில் மாட்டிக்கொண்டு, இன்னொரு காதில் டீலரிடம் சண்டை போடுவார். இந்தக் கம்பெனிக்கு டெலிபோன் ஆபரேட்டராக வந்தவர். 'பார்வை இல்லாதவருக்கு டெலிபோன் போர்டுதான் சரி' என்று பல வருடம் அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். விடாமல் கேட்டுக்கேட்டு, தேர்வெழுதி, இங்கே வந்தார். இன்று நான் நிற்கும்போதே ஒரு டீலரை வறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மோட்டாரு போன மாசம் பதினாலாம் தேதி ஓடிட்டிருக்கும்போது எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கறீங்க. அன்னைக்கு உங்க லைன்ல பராமரிப்புன்னு பகல் பூரா கரண்டே இல்லீங்களே. மோட்டாரு என்ன, வெயில்ல எரிஞ்சுதுங்களா?"

எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ, போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாங்க மேடம். உங்க சாஃப்ட்வேரு என்கிட்ட 'பட்டன், பட்டன், பட்டன்'னே சொல்லிட்டிருக்குது. ஜவுளிக்கடைல வேலைக்குச் சேந்தாப்ல இருக்குதுங்க."

அவருடைய ஹெட்போனை வாங்கி மாட்டினேன். எண்ணெயில் கடுகு வெடிப்பதைப்போல ஒரு சத்தம்.

"இதுல என்னங்க புரியுது உங்களுக்கு?"

"எனக்கு நீங்க பேசறதுதானுங்க இழுவையா இருக்குது."

வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார். அவர் சொன்னது உண்மைதான். அந்த ஜன்னலை எழுதியவர்கள் எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. இரண்டு இலக்க எண்ணையும் எழுத்தாக வைக்காமல் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். படத்தை அவருடைய மென்பொருளால் படிக்க முடியாது. எண் தெரியாமல் எதைத் தட்டுவது?

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த டீலர் மறுபடி கூப்பிட்டு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். மதியம் பூராவும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

விபிஎன் ஜன்னலைச் செய்த மென்பொருள் கம்பெனிக்கு நேற்று எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. 'அடுத்த ஆண்டுப் பதிப்பில் பரிசீலிக்கப்படும்.'

திருமலைசாமி சாரின் அறையில் அவரும் நானும் சென்னியப்பனும் பேசினோம்.

"பக்கத்து சீட்ல இருக்கறவங்க அந்த நம்பரைப் படிச்சுச் சொல்லட்டும். இதுல என்னப்பா இருக்குது?" என்றார் சார்.

"அப்பறம் என் பேர்ல உள்ள போறது நானுங்களா, பக்கத்து சீட்டுக்காரருங்களா?"

"உனக்குச் சௌகரியத்துக்குத்தான் சொல்றேன்."

"பக்கத்து சீட்டுக்காரரு லீவு போட்டா நானும் லீவு போடறதுங்களா சார்?"

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு சிக்கல் வந்தால் அதை ஓர் ஆளாகப் பார்த்து, அந்த ஆளை நகர்த்தப் பார்ப்பார். "ஆறாந்தேதிக்குள்ள முடியலன்னா வேற வழியில்ல சென்னியப்பா. போர்டுக்கு சர்வர் வேண்டியதில்ல. கொஞ்ச நாளைக்கு அங்க இருந்துக்கோ" என்றார்.

சென்னியப்பன் குச்சியை விரித்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும், "கொஞ்ச நாளைக்குன்னுதானுங்க மொதல் தடவையும் உக்கார வச்சாங்க" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தோசை மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் நாசம். துடைத்தேன். மகளின் ஷூவுக்கு பாலிஷ். வேறொன்றும் இல்லை. அந்தப் பட்டன்கள்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

செப்டம்பர் 15, திங்கள்

வாரண்டி பிரிவுக்கு மட்டும் இன்றே நேர்வழியை அடைத்தாயிற்று. காலையில் சீக்கிரம் போய் ஃபயர்வாலில் ஒரு வரி சேர்த்தேன். சென்னியப்பனின் கணினி கேட்டால் விட்டுவிடு, விபிஎன் தேவையில்லை என்று ஒரு விதிவிலக்கு. அவ்வளவு சின்ன வேலை. இதற்கா இத்தனை பேச்சு! பாவம், அவர் அல்லாட வேண்டியதில்லை.

"சரி பண்ணியாச்சுங்க" என்று போனில் சொன்னேன். எப்படி என்று அவர் கேட்பதற்குள் வேறு அழைப்பு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் அப்படி எதுவும் வரவில்லை என்றும் எழுதிவைக்கிறேன், இது ஆபீஸ் அறிக்கை இல்லையே.

செப்டம்பர் 16, செவ்வாய்

கேன்டீனில் சென்னியப்பன் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

"மேடம், என்கிட்ட எதுவுமே கேக்காம உள்ள விடுதுங்களே?"

"ஆட்டோமேட்டிக்குங்க."

"மத்தவங்களுக்கும் அப்படி வச்சுக் குடுக்கலாமல்லங்க?"

"சர்வீஸ் பேக் வரட்டும்" என்று ஏதோ உளறினேன். அவர் 'ஓ' என்றார். டீலர்களிடம் இதே 'ஓ'வைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த 'ஓ'வுக்கு அப்புறம் யாரும் தப்பித்ததில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

சென்னியப்பன் என் அறைக்கே வந்துவிட்டார். குச்சியை மடக்கி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சாப்டுட்டுத் திரும்பி வந்தா என் நாற்காலி சூடா இருக்குதுங்க. உசரம் மாறியிருக்குது. ஹெட்போனைக் கழட்டி எங்கியோ வச்சிருக்கறாங்க. மூணு நாளாப் பாக்கறேன். இன்னைக்குச் சாப்பிடப் போறாப்லப் போயி பாதியில திரும்பி வந்தேன். என் சீட்டுல ஒருத்தரு, பின்னாடி ரெண்டு பேரு நிக்கறாங்க. என்னங்கன்னு கேட்டா, 'உங்க மெஷின்ல நம்பரு கேக்க மாட்டேங்குதுங்க, சீக்கிரம் முடிஞ்சுருது'ங்கறாங்க. போன் சார்ஜ் இல்லாதவங்க, போனை வீட்ல மறந்தவங்க, அத்தனை பேருக்கும் என் சீட்டுதானுங்க."

நான் கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

"என்ன பண்ணி வச்சிருக்கறீங்க மேடம்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"நல்லதுன்னுதான் பண்ணியிருப்பீங்க. ஆனா எனக்குன்னு நீங்க சந்துல ஒரு கதவைத் தொறந்து வச்சுட்டீங்க. இப்ப ஊரே அதுல வருது. நாளைக்கு ஏதாச்சும் களவு போச்சுன்னா, கதவு யாரு பேர்ல இருக்குது?"

அவர் போன பிறகு என்னையே நான்கு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது. பத்து வருடமாக நெட்வொர்க் பார்க்கிறேன். ஒரு துளை போட்டால் அதற்குள் எல்லாம் வரும் என்று பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்பவள் நான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நான் எடுத்துச் சொல்வதற்குள் சென்னை முந்திவிட்டது. ஃபயர்வாலின் வார அறிக்கை தானாகவே அங்கே போகும். ஒரே ஒரு கணினி விபிஎன்னைச் சுற்றிக்கொண்டு போகிறது, அதில் பிரிவின் ஐந்து பேரும் நுழைந்திருக்கிறார்கள், அது சென்னியப்பன் என்பவருடையது, அவர் விதியை மீறியிருக்கிறார், உடனே அவரை சர்வர் தேவையில்லாத இடத்துக்கு மாற்றுங்கள் என்று கடிதம்.

திருமலைசாமி சார் பெருமூச்சு விட்டார். "அதான் சொன்னேன். போர்டுன்னா இந்தத் தொந்தரவே இல்ல."

"சார், அந்த வரியைப் போட்டது நான். அவருக்குத் தெரியாது."

"நீ எதுக்கும்மா குறுக்க வர்றே?"

"நான்தான் சார் போட்டேன். குறுக்க வரல."

அப்படியே சென்னைக்கும் எழுதினேன். பெயர், நாள், காரணம் எல்லாம். மாலை பதில் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதமாம், சரி. விதிவிலக்கை ஆறாம் தேதிக்குள் நீக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே முறைதான், அதில் வர முடியாதவர் அந்த வேலையில் இருக்க முடியாது. சென்னியப்பனின் பெயரிலிருந்த பழி போயிற்று. போர்டுக்கு மாற்றும் பேச்சு போகவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வாரண்டியில் ஒரு கேபிளைப் பார்க்கப் போனேன். கேபிளுக்கு ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்த ஜன்னலே எதுக்குங்க? எழுத்துல கட்டளை கொடுத்து விபிஎன்னைத் தொறக்க முடியாதுங்களா?" என்றார்.

முடியும். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும். அதை நாங்கள் கணினிப் பிரிவில் எங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்தோம், மற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று. அவர் அந்த வரியை ஒரு தடவை கேட்டுவிட்டு என்னைவிட வேகமாகத் தட்டினார். பட்டன் தொல்லை முடிந்தது. எண் தொல்லை மட்டும் மிச்சம்.

எண்ணுக்குப் பதிலாக டோக்கன் வைக்கலாம். பென்டிரைவ் மாதிரி கணினியில் செருகுவது. மேலே ஒரு சின்ன உலோக வட்டம் இருக்கும், அதில் விரல் வைத்தால் ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று விபிஎன்னுக்குத் தெரிந்துவிடும். பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. விற்பனையாளர் மாதிரிக்குக் கொடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது.

"ஆனா ஒருத்தருக்காக முறையை மாத்த மாட்டாங்க. ஒரே முறைன்னு எழுதியிருக்காங்களே" என்றேன்.

"எனக்குன்னு கேக்காதீங்க மேடம். தனி வழி வச்சு ஒரு தடவை பாத்தாச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "டெஸ்டிங்ல என்ன பண்றாங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"டெஸ்டிங்லயும் வைண்டிங்லயும் போனை கேட்லயே வாங்கி வச்சுக்கறாங்களே. நான் எரிஞ்ச மோட்டாரு ரிப்போர்ட்டுக்குக் கூப்பிட்டா லேண்ட்லைன்லதான் பேசறாங்க. ஆறாந்தேதி அவங்க நம்பரை எதுல தட்டுவாங்க?"

நான் வாயைப் பிளந்துவிட்டேன். பம்பைச் சோதிக்கும் பிரிவு, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவு, இரண்டுக்குள்ளும் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் என் போனையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். விபிஎன் வேலை ஆரம்பித்ததிலிருந்து அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. ஆறாம் தேதி காலையில் சோதனைக்கூடம் மொத்தமும் நின்றிருக்கும், ஒரு பம்பும் முத்திரை வாங்கி வெளியே போயிருக்காது. சென்னையிலிருந்து வந்த திட்டத்திலும் இது இல்லை, சாரின் அறிக்கையிலும் இல்லை, என் தலையிலும் இல்லை.

இந்த மனிதரைப் போர்டில் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

சென்னையோடு வீடியோவில் கூட்டம். எல்லோருக்கும் டோக்கன் என்று நான் சொன்னதும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர், "ஒரு நபருக்காக இவ்வளவா?" என்றார். சென்னியப்பன் பேச அனுமதி கேட்டார்.

"சார், என்னை விட்டுருங்க. டெஸ்டிங்கை எப்படி உள்ள விடப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவருக்குத் தெரியாது, ஆனால் சத்தம் நின்றுபோனது தெரிந்திருக்கும்.

"எனக்குத் தனி வழி வேண்டாங்க. தனி வழி வச்சா நாளைக்கு எல்லாரும் அதுலதான் வருவாங்க. எல்லாரும் வர்ற வழில நானும் வர்றாப்ல வைங்க. அதுதான் நான் கேக்கறது."

சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. ஆறாம் தேதி காலை பத்து மணிக்குள் ஆலை முழுவதும் விபிஎன் வழியாக சர்வருக்குள் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டோக்கன் ரத்து. அலுவலகத்துக்குப் பழையபடி செல்போன் எண். டெஸ்டிங்குக்குப் போன் அனுமதி கொடுத்துக்கொள்வார்களாம். சென்னியப்பனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

டோக்கன்கள் உள்ளூர் விற்பனையாளரிடமிருந்தே வந்து சேர்ந்தன. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சோதித்தோம். அவர் தட்டினார், தொட்டார், உள்ளே போனார். எனக்கு உடம்பே லேசானது.

"அந்தப் பழைய வரியை எடுத்துருங்க மேடம்."

"ஆறாந்தேதி வரைக்கும் இருக்கட்டுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா…"

"ஆச்சுன்னா மத்தவங்களுக்கு ஆகறது எனக்கும் ஆகட்டும்."

"மத்தவங்களுக்கு வேலை போகாதுங்க. உங்களுக்குப் போகும்."

"தெரியுங்க." சிரித்தார். "இருந்தாலும் எடுங்க. அது இருக்கற வரைக்கும் நான் உள்ள வர்றது டோக்கன்லயா அதுலயான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்."

எடுத்துவிட்டேன். துணிச்சல் என்றால் இப்படி இருக்க வேண்டும். நானாக இருந்தால் அந்த வரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எல்லா மேஜைக்கும் டோக்கன் செருகியாயிற்று. ஆலை முழுக்க ஒரு சுற்று சோதித்துவிட்டோம். கை வலி.

மதியம் ஆயுத பூஜை. நாளையிலிருந்து ஞாயிறு வரை லீவு. "எந்த மெஷினையும் விட்டுராதீங்க" என்று சார் சொல்லிவிட்டார், யாரும் விடவில்லை. லேத்துக்கும் பொட்டு, லிஃப்ட்டுக்கும் பொட்டு, பஞ்சிங் மெஷினுக்கும் பொட்டு. நான் சர்வர் ரேக்குக்கு மாலை போட்டு, கதவில் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு நான்கு பொட்டலம் பொரிகடலை.

அக்டோபர் 5, ஞாயிறு

துணி துவைத்தேன். மனசு நிலையாக இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஷிப்ட் தொடங்கியதும் நேர்வழியை அடைத்தேன். உள்ளே வந்திருப்பவர்களின் பெயர்கள் என் திரையில் ஒவ்வொன்றாக வரும். ஏழெட்டுப் பெயர் வந்தது. அத்தோடு நின்றது. போன் அடிக்க ஆரம்பித்தது. "மேடம், தொட்டா ஒண்ணுமே ஆக மாட்டேங்குது." "மேடம், என்னுது செத்துப்போச்சு." டெஸ்டிங், வைண்டிங், அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச் எல்லாம் ஒரே பாட்டு. போன வாரம் வேலை செய்தது எப்படி மொத்தமாக நிற்கும்? விபிஎன்னின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியா? சர்வர் கடிகாரத்தில் நேரம் மாறிவிட்டதா? ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் பயம் கூடியது.

சார் வந்து நின்றார். "மணி ஒன்பதரை ஆகப் போகுது. பழையபடி மாத்திரு வசுமதி. சென்னைல இருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க."

"பத்து வரைக்கும் இருக்குது சார்."

"பத்துக்கு மாறிடுமா? நீயே சொல்லு."

பழைய அமைப்புக்குத் திரும்பும் கட்டளையைத் தட்டி வைத்தேன். என்டர் மட்டும் பாக்கி. அந்தப் பட்டன்மேல் விரல் வைத்துக்கொண்டிருந்தபோது சென்னியப்பனின் போன்.

"மேடம், பொட்டுங்க!"

"என்ன பொட்டு?"

"டோக்கன்ல பொட்டு வச்சிருக்கறாங்க! ஆயுத பூஜைக்கு. நாலு தடவை தொட்டுப் பாத்தேன், உள்ள விடல. என்னடான்னு தடவிப் பாத்தா, வெரல் வைக்கற எடத்துல சரியா, சந்தனம் பொருக்காட்டம் காஞ்சு கெடக்குது. நகத்துல சுரண்டிட்டுத் தொட்டேன். உள்ள வந்துட்டேன். பாருங்க, என் பேரு வந்திருக்கும்."

வந்திருந்தது.

மேலே ஒரு வட்டம், பொட்டு வைக்கவென்றே செய்ததைப்போல. வைக்காமல் இருப்பார்களா? ஐந்து நாள் லீவில் சந்தனம் நன்றாகக் காய்ந்து பிடித்திருக்கிறது. நான் சான்றிதழ்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

"எல்லாருக்கும் எப்படிங்க சொல்றது? என் லைன் எல்லாம் அடைச்சுக் கிடக்குது" என்றேன்.

"நான் பாத்துக்கறேன்."

அடுத்து ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. ஆலை முழுக்கக் கேட்கும் அந்த மைக் இருப்பது டெலிபோன் போர்டில். எந்த இடத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று இத்தனை போராடினாரோ, அங்கே தானாகவே நடந்து போய், ஆபரேட்டரை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வாரண்டி சென்னியப்பன் பேசறேன். டோக்கனுக்குப் பொட்டு வச்ச புண்ணியவான்களெல்லாம் சித்தெ கவனிங்க. சாமி ஏத்துக்கிட்டாரு, விபிஎன் ஏத்துக்கல. சந்தனத்தைச் சுரண்டித் தொடச்சுட்டுத் தொடுங்க. தண்ணி ஊத்திக் கழுவீராதீங்க."

டெஸ்டிங்கில் ஊரே சிரித்ததாம். என் திரையில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. படிக்க முடியாத வேகம். சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தனமாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பத்து மணிக்குச் சென்னையிலிருந்து அழைப்பு. எடுத்தவர் சார். "முழு ஆலையும் உள்ள இருக்குது. எல்லாரும் ஒரே வழியில" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வாரண்டி சென்னியப்பனாலதான் முடிஞ்சுது" என்றும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

நான் போர்டுக்கு ஓடினேன். சென்னியப்பன் அங்கே இல்லை. "அப்பவே போயிட்டாருங்க, ஏதோ டீலர் லைன்ல இருக்கறாராம்" என்றார் ஆபரேட்டர்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் பட்டியலைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருக்கு மேலே ஸ்டோர்ஸ்காரர், கீழே அக்கவுண்ட்ஸில் ஒரு பெண். பெயர், நேரம், டோக்கன், சரி. எல்லோருக்கும் இருப்பதேதான் அவருக்கும். பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து செய்தது அந்த ஒன்றுமில்லாததைத்தான்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் வந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பிக்கவும் தயாராகிவிட்டேன்.

"ஏனுங் மேடம், காலைல இருந்து நெட்டு இப்படி இழுக்குதே, அங்க உக்காந்துட்டு என்னதான் பண்றீங்க?"

"பாக்கறேங்க" என்றேன்.

"எப்பவும் இதையேதான் சொல்றீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பத்து வருட வேலையில் இந்தத் திட்டு வாங்காத நாள் கிடையாது. அதை வாங்கிக்கொண்டு சந்தோஷத்தில் சிரித்தது இன்றைக்குத்தான்.